மரம் போன பிறகும் நின்ற நிழல்

கரடிவரையில் தை மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்தேகால் மணிக்குப் பதினேழாம் நம்பர் சில்வர் ஓக் மரம் சாய்ந்தது, அதன் நிழல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. அதை முதலில் கவனித்தவர் மரம் அறுக்க வந்த செல்லையா, கவனித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, அறுத்த அலுப்பில் நிழல் பார்த்து உட்கார்ந்தார், தூக்குச்சட்டியைத் திறந்து பாதிச் சோறு தின்ற பிறகுதான் இது எந்த மரத்து நிழல் என்று அண்ணாந்தார், மேலே மரம் எதுவும் இல்லை, வானம்தான் இருந்தது, அவர் மீதிச் சோற்றையும் தின்று கையைக் கழுவிவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார்.

கூப்பிட்டதும் வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அன்றைக்கு அங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரடிவரையில் காடு என்றால் சொந்தக் காடு. மேலே மரம், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி என்று ஆளுக்கு மூன்று ஏக்கரோ ஐந்து ஏக்கரோ வைத்திருக்கிறவர்களைக் காட்டுக்காரர்கள் என்பார்கள். மரம் அடர்ந்தால் காப்பி பூக்காது, மரம் குறைந்தால் காப்பி கருகிப்போகும், அதனால் எதை வெட்டுவது, எதை விடுவது, வெட்டிய இடத்தில் எதை நடுவது என்று அளந்து பார்த்துச் சொல்லித்தர அடிவாரத்து வன ஆராய்ச்சி நிலையம் ஒன்று மங்கையர்க்கரசியை ஏழு வருஷத்துக்கு முன்பு மேலே அனுப்பிவைத்தது. கரூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்தேழு வயது, மலையேறும் பஸ்ஸில் இன்றைக்கும் வாந்தி எடுப்பவள். ஊரில் அவளை மரத்து டீச்சர் என்றார்கள்.

அவள் சொல்லிக்கொடுத்தது நிறைய, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அளக்காமல் பேசாதே. ஆளுக்கொரு டேப்பும் ஒரு நோட்டும் கொடுத்து, மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டு, மார்பு உயரத்தில் சுற்றளவை எடுக்கப் பழக்கி, சருகின் எடை, மண்ணின் ஈரம், செத்த கன்று எத்தனை, பிழைத்த கன்று எத்தனை என்று எழுத வைத்து, ஏழு வருஷத்தில் கரடிவரைக்காரர்களை அவள் எப்படி ஆக்கி வைத்திருந்தாள் என்றால், கல்யாண வீட்டில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் இன்னொருவன் அளந்து பார்த்தியா என்று கேட்பான். மங்கைக்கு அதில் பெருமை, வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

ஆகவே நிழலையும் அளந்தார்கள். காட்டுக்காரர் சங்கத்துத் தலைவர் சௌந்தரபாண்டி, அது அவருடைய காடுதான், வீட்டுக்கு ஆள் அனுப்பி ஒரு டப்பா சுண்ணாம்புத்தூள் வரவழைத்து, நிழலின் ஓரம் பிடித்துக் கோடு போட்டார். நீளம் முப்பத்தோரு அடி, அகலம் பதினான்கு. உச்சி வெயிலில் எல்லா மரத்து நிழலும் அடிமரத்துக்குள் ஒடுங்கியபோது பதினேழாம் நம்பரின் நிழல் மட்டும் பத்தேகால் மணிக்கு எப்படி மேற்குப் பார்த்துக் கிடந்ததோ அப்படியே, இடையிடையே வெயில் பொட்டுகளோடு கிடந்தது. மறுநாளும் கிடந்தது. மங்கை தன் நோட்டில் எழுதினாள்: பதினேழு, வெட்டப்பட்டது, நிழல் உள்ளது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு நிலையத்துக்குக் கடிதம் போட்டாள், கருவி கோளாறா என்று சரிபார்க்கவும் என்று பதில் வந்தது, டேப்பில் என்ன கோளாறு வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் சௌந்தரபாண்டி இன்னொரு மரம் வெட்டினார், அதன் நிழலும் நின்றது. பக்கத்துக் காட்டில் ஒன்று வெட்டினார்கள், அதுவும் நின்றது, எல்லாவற்றையும் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அதற்கப்புறம் ஊர் பழகிக்கொண்டது, மனிதர்களுக்குப் பழக எத்தனை நாள் வேண்டும். காலையில் வெட்டினால் நிழல் நீளமாகவும் வெளிறியும் நிற்கும், உச்சியில் வெட்டினால் குட்டையாக, கெட்டியாக நிற்கும் என்று கண்டுபிடித்து, காப்பிக்குக் காலை ஒன்பதரை நிழல்தான் பதமானது என்று சங்கத்தில் பேசி முடிவெடுத்தார்கள். கிழக்கு எல்லையில் மரம் வைத்திருந்தவர்கள் சாயங்காலம் வெட்டக் கூடாது, பக்கத்துக் காட்டில் போய் நிழல் விழும் என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. அதை மீறி ஒருவர் ஆறு மணிக்கு ஒரு நெட்டை மரத்தை வெட்ட, அதன் நிழல் மூன்று பேர் காட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது, ஹெட்மாஸ்டர் புகார் எழுதினார், பிள்ளைகளோ அதற்குள்ளேயே பிரேயருக்கு வரிசை கட்டப் பழகிவிட்டார்கள். பஸ் டிரைவர் வண்டியைத் திருப்பும் இடத்தில் யாருடைய நிழலோ ஒன்று ரோட்டில் கிடந்தது, அவர் தினமும் அதற்குள்தான் நிறுத்தினார். பெண் கேட்டு வந்தவர்களிடம் நாலு ஏக்கர் நிழல் இருக்கிறது என்றார்கள். மிளகுக்கொடிக்குக் கல்தூண் நட்டார்கள், கொடி ஏறுகிற மாதிரிதான் இருந்தது. கீழேயிருந்து மர வியாபாரி ஒருவர் லாரியோடு வந்தார், அனுமதி எழுதுகிற வேலையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், ரம்பச் சத்தம் காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் டீ குடிக்கும் நேரம் வரைக்கும் ஓயாது.

 மங்கை காடு காடாகப் போனாள். நிற்கும் நிழலுக்குள் சருகு விழவில்லை, எப்படி விழும், மண் கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது, வேர்கள் உள்ளேயே செத்துக்கொண்டிருந்தன, குருவிகள் நிழல் வரைக்கும் பறந்து வந்து உட்காரக் கிளை இல்லாமல் திரும்பிப் போயின. எல்லாவற்றையும் அளந்தாள். அளந்ததை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொன்னாள். காட்டுக்காரர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், நோட்டில் எழுதிக்கொண்டார்கள், எழுதி முடித்ததும் சௌந்தரபாண்டி எழுந்தார்.

“எல்லாஞ் சரி டீச்சர். சருகு இல்ல, எருப் போட்டுக்கிறோம். குருவி இல்ல, அதுக்கு என்ன செய்ய. நிழல் குறையுதா? அதைச் சொல்லுங்க.”

முப்பது நாள் கணக்கு அவள் கையில் இருந்தது. ஒரு விரல்கடைகூட மாற்றம் இல்லை.

“இதுவரைக்கும் குறையலைண்ணே,” என்றாள்.

மறுநாள் சங்கத்துக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில், நிழல் குறையாது, இப்படிக்கு டீச்சர், என்று எழுதியிருந்தது. மங்கை அதைப் பார்த்தாள். சாக்பீஸை எடுத்துக் குறையாது என்பதை அழித்துவிட்டுக் குறையவில்லை என்று எழுதினாள். சௌந்தரபாண்டி பின்னால் வந்து நின்று படித்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர். நீங்க எழுதுறது புஸ்தகத் தமிழு.”

“ஒண்ணு இல்லண்ணே. குறையலைன்னா இன்னைக்கு வரைக்கும். குறையாதுன்னா என்னைக்கும்.”

“இன்னைக்கு வரைக்கும் குறையாதது நாளைக்கு ஏன் குறையணும்? அளந்தா சொல்றீங்க?”

அவள் அளந்திருக்கவில்லை, நாளையை எந்த டேப்பால் அளப்பது. சௌந்தரபாண்டி கெட்டவர் இல்லை. அவள் சொல்லிக்கொடுத்ததை அவளைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பலகையில் மறுபடியும் குறையாது வந்துவிட்டது.

மாசி முடிவதற்குள் கரடிவரையில் நாற்பது காட்டில் முப்பத்தொன்பது மொட்டையாகி நிழல் மட்டும் நின்றது. மிச்சமிருந்தது ஊருக்கு மேலே வீராயியின் காடு. மூன்றே ஏக்கர், அறுபத்தொரு மரம். சந்தனவேம்பு, நாவல், பலா, இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத ஓர் அத்தி. அந்த அத்தியின் காலடியிலிருந்துதான் ஊற்று புறப்பட்டு, குழாய் வழியாகக் கரடிவரைக்கு இறங்கி, நாற்பது வீட்டுக் குடத்தையும் நிறைத்தது. அந்த மரங்கள் போனால் ஊற்று வற்றிவிடும் என்பதை மங்கை அளந்தே சொல்லியிருந்தாள், வேறு மலையில், வேறு ஊற்றுகளில் எடுத்த கணக்கு. இங்கேதான் நிழல் நிற்கிறதே, நிழல் நின்றால் ஈரம் நிற்கும், ஈரம் நின்றால் ஊற்று வற்றாது என்று ஊர் பதில் வைத்திருந்தது. வியாபாரி வியாழக்கிழமை வீராயி காட்டுக்கு வருவதாக இருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் மங்கை மேலே ஏறினாள். வீராயிக்கு ஐம்பத்தைந்து வயது, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் காட்டைப் பார்த்துக்கொண்டவள், எழுத்துத் தெரியாது, ஆனால் வகுப்புக்கு ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. காப்பிப் பழக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தாள்.

“ஊர்ல எல்லாரும் வெட்டிட்டாக. இவ மட்டும் என்னத்தக் கட்டிக் காக்குறாங்கிறாக,” என்றாள். “எனக்குப் பலகையெல்லாம் படிக்கத் தெரியாது தாயி. நீ ஒன் வாயால சொல்லு. இந்த நிழலு குறையுமா, குறையாதா?”

மங்கை அண்ணாந்து பார்த்தாள். அறுபத்தொரு மரமும் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. மலையில் வேறெங்கும் அந்தச் சத்தம் இல்லாமல் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. தெரியாது என்று சொன்னால் வியாழக்கிழமை ரம்பம் வரும். இதுவரை குறையவில்லை என்று சொன்னாலும் வரும். 

“குறையும்க்கா,” என்றாள். “பங்குனி முதல் மழைக்கு நிக்காது. அத்தனையும் போயிரும்.”

“அளந்தியா?”

“அளந்தேன்.”

ஏழு வருஷத்தில் அவள் அந்த மலையில் சொன்ன முதல் பொய் அது. வீராயி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்காலில் கை ஊன்றி எழுந்து, அப்ப வேணாம்னு சொல்லிவிட்டுருதேன் என்று சொல்லி, வாழையிலையில் நாலு பலாச்சுளையை வைத்துக் கொடுத்தாள். இறங்கும் வழியில் மங்கையால் அதைத் தின்ன முடியவில்லை, தூக்கி எறியவும் மனசு வரவில்லை.

வியாபாரி வெறும் லாரியோடு திரும்பிப் போனதும் விஷயம் ஊருக்குள் இறங்கியது. சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். யாரும் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“முதல் மழைக்குப் போயிரும்னு வீராயக்காகிட்டச் சொன்னீகளாம்,” என்றார் சௌந்தரபாண்டி. “நல்ல வேளை சொன்னீக. நோட்டைக் காட்டுங்க டீச்சர், நாங்களும் எழுதிக்கிறோம்.”

 அவள் நோட்டில் நாற்பத்தொன்பது நாள் கணக்கும் ஒரே எண்ணாக இருந்தது. முப்பத்தொன்பது காட்டுக்காரர்களும் நோட்டைத் திறந்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு, நல்ல மாணவர்களாகக் காத்திருந்தார்கள்.

“நோட்டு கொண்டுவரலை,” என்றாள்.

“அளக்காமப் பேசக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, கேலியாக இல்லை, உண்மையான வருத்தத்தோடு. பேனாக்கள் மூடப்பட்டன. வெளியே வந்தபோது யாரோ வீராயியின் காட்டுக்கு ஏமாந்தவள் காடு என்று பேர் வைத்துவிட்டிருந்தார்கள், இரண்டே நாளில் பஸ் கண்டக்டர் வரைக்கும் அந்தப் பேர் போய்விட்டது.

அதற்குப் பிறகு மங்கைக்கு வானத்தைப் பார்ப்பதே வேலையாகப் போயிற்று. மேற்கே ஒரு மேகம் திரண்டால் வாசலுக்கு வந்து நிற்பாள். மழை வந்து நிழல் நின்றுவிட்டால் வீராயி வெட்டுவாள். மழை வந்து நிழல் போய்விட்டால் நாற்பதில் முப்பத்தொன்பது வீடு வெயிலில் நிற்கும், அதில் எந்த வீட்டில் அவள் சாப்பிடவில்லை, எந்த வீட்டுக் குழந்தைக்குக் காது குத்தியபோது அவள் போகவில்லை. ஆனாலும் அவள் வேண்டிக்கொண்டாள். போகட்டும், எல்லா நிழலும் போகட்டும், நான் சொன்னது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், பிறகு அப்படி வேண்டியதற்காக அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு நிழல்களை அளக்கப் போனாள், ஒரு விரல்கடைகூடக் குறைந்திருக்கவில்லை.

பங்குனி நாலாம் தேதி தூறியது. கால் மணி நேரம் மண்ணை நனைத்துவிட்டு ஓய்ந்தது. ஊரே குடையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தது; நிழல் அத்தனையும் சுண்ணாம்புக் கோட்டுக்குள் சமர்த்தாகக் கிடந்தது. சங்கத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். மங்கைக்கும் ஒரு டம்ளர் வந்தது, சர்க்கரை கூடப் போட்டு, ஆறுதலுக்கு.

வீராயி இறங்கி வந்தாள்.

“மழை வந்துட்டுப் போயிருச்சே தாயி. வியாபாரி மறுபடி ஆள் விட்டுருக்கான்.”

“இது மழையில்லக்கா, தூறல்.” பொய் இப்போது எளிதாக வந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “பெருசா ஒண்ணு வரும். அதுக்குத்தான் போகும்.”

“அதையும் அளந்துட்டியா?”

“ம்.”

வீராயி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டு, ஏமாந்தவள் காட்டுக்காரி போறா என்று டீக்கடையில் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறிப் போனாள். அந்த முதுகைப் பார்த்தபோது மங்கைக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தது. சொல்லவில்லை, பிடித்துக்கொண்டிருந்த டம்ளர் ஆறிப்போயிருந்தது.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு மழை வந்தது. இந்தத் தடவை மேகம் மலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை, இரண்டரை மணி நேரம் கொட்டியது, பிடித்து நிறுத்த ஒரு வேரும் இல்லாத மண் முதல் அரை மணியிலேயே இளகியது, செம்மண் தண்ணீர் சரிவெல்லாம் ஓடத் தொடங்கியது, அப்போதுதான் நிழல்களின் ஓரம் ஈரச் சுவரில் போஸ்டர் உரிகிற மாதிரி மெல்ல எழும்பியது. முதலில் காலை நிழல்கள் போயின, அவை மெலிசு. பிறகு உச்சி நிழல்கள் கட்டி கட்டியாகப் பெயர்ந்தன. முப்பத்தொன்பது காட்டு நிழலும் மண்ணோடு மண்ணாகக் கலந்து, வாய்க்காலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் திரும்பும் இடத்து நிழலையும் பள்ளிக்கூடத்து நிழலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, கருஞ்சிவப்பாகப் பள்ளத்தை நோக்கிப் போயின. மங்கை வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். வேண்டியது நடந்துவிட்டது என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வெயில் வந்தது. சுண்ணாம்புக்கு உள்ளேயும் வெயில், வெளியேயும் வெயில். ஊர் அதற்கும் பழகப் பார்த்தது; பள்ளத்துக் குட்டையில் நிழல் தேங்கிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடமும் வாளியுமாக இறங்கினார்கள், குளிர்ச்சியாகக் கறுப்பாக ஏதோ மொண்டு சுமந்து வந்து காப்பிச் செடிக்கு மேலே ஊற்றினார்கள், அது ஒரு நாழிகை நின்றது, பிறகு வழிந்து திரும்பப் பள்ளத்துக்கே போய்விட்டது. மூன்று நாள் சுமந்தார்கள். ஒன்பதாம் நாள், மழை பட்ட காப்பி மலையெங்கும் வெள்ளை வெளேரென்று பூத்தது, மல்லிகையைவிடக் கனத்த வாசனை, சாயங்காலத்துக்குள் அத்தனை பூவும் வெயிலில் பொசுங்கிப் பழுப்பாயிற்று. சௌந்தரபாண்டி தன் காட்டு நடுவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மங்கை போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். அப்படி அவர் எழுந்தது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

வீராயியின் காட்டில் மட்டும் பூ நின்றது. குழாயில் மட்டும் தண்ணீர் தெளிவாக வந்தது. மத்தியானம் ஆனால் ஊர் முழுவதும் மேலே ஏறி அந்த அறுபத்தொரு மரத்தடியில் போய்ப் படுத்தது, வீராயி யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மங்கையைத் தனியாக அத்தியடிக்குக் கூப்பிட்டாள்.

“இப்பச் சொல்லு,” என்றாள். “அன்னைக்கு அளந்தியா?”

 மங்கை இல்லை என்று தலையசைத்தாள், அது போதாது என்று தோன்றியது.

“இல்லக்கா. பொய்தான் சொன்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது. மரத்தை வெட்டிருவீங்கன்னு பயத்துல சொன்னேன். மழை வராமப் போயிருந்தா உங்களையும் கெடுத்திருப்பேன்.”

 வீராயியின் கண் கலங்கியது, அடித்திருந்தால்கூட மங்கைக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“ஊரே சிரிச்சுச்சு,” என்றாள். “டீச்சர் அளந்துதான் சொல்லுவான்னு நான் தலைய நிமித்திக்கிட்டுப் போனேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நெசத்தைக் கேட்டவுக எல்லாம் வெட்டிப்புட்டாக. பொய்யக் கேட்டவ காடு நிக்குது. இனிமே கிளாசுல ஒக்காந்து நான் என்னத்தடி நம்புறது?”

 வீராயி பதிலுக்குக் காத்திருக்கவில்லை, எழுந்து மரங்களுக்குள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நாற்பது வீட்டிலிருந்தும் வந்தார்கள், வழக்கமாக வராத பெண்களும் கிழவர்களும்கூட வந்தார்கள், சங்கத்துக் கூடம் கொள்ளவில்லை. கீழே நாற்றுப்பண்ணையிலிருந்து சந்தனவேம்பும் நாவலும் மலைவேம்பும் பை பையாக வாங்கி வந்து சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். வீராயியும் வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மங்கை இனிமேல் அளந்ததை மட்டும்தான் சொல்வது என்று வரும் வழியிலேயே முடிவெடுத்திருந்தாள்.

“இதெல்லாம் பிழைக்குமா டீச்சர்?” என்று கேட்டார் சௌந்தரபாண்டி.

“ஏழு வருஷமா இந்த மலையில அளந்த கணக்கு,” என்றாள். “நூறு கன்னு வச்சா முதல் கோடையில முப்பத்தெட்டு செத்துப்போகும். அறுபத்திரண்டு நிக்கும். நின்ன இடத்துல நிழல் வர ஆறு வருஷம்.”

யாரும் நோட்டைத் திறக்கவில்லை. யாருடைய கையிலும் நோட்டே இல்லை என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். சௌந்தரபாண்டி செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள், பத்துப் பேர் சேர்ந்து சுவரோரத்திலிருந்து நூறு கன்றை எடுத்து வந்து அவள் காலடியில் பத்துப் பத்தாக வரிசை வைத்தார்கள்.

“எந்த முப்பத்தெட்டுன்னு தொட்டுக் காட்டிருங்க டீச்சர்,” என்றார் சௌந்தரபாண்டி. “அதை ஒதுக்கிட்டு மத்ததை வச்சுக்கிறோம்.”

“அப்படி இல்லண்ணே. அது நூத்துக்கு ஒரு கணக்கு. எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்படிச் சொல்லாதீக. அன்னைக்கு ஒங்க வாக்கை நம்பாம நோட்டைக் கேட்டோம். தப்பு எங்க மேலதான்.” அவர் இரண்டு கையையும் கூப்பினார். “இனிமே கேக்க மாட்டோம்.”

கூடத்திலிருந்த அத்தனை பேரும் கை கூப்பினார்கள். ஒரு கிழவி தன் பேரனின் கையைப் பிடித்துக் கூப்ப வைத்தாள். மங்கை கன்றுகளைப் பார்த்தாள், எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே பச்சையில் இருந்தன. கடைசி வரிசையில் வீராயி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, கன்றுகளைப் பார்க்காமல், டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.